கொலை நடந்த வீட்டில் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கொலையில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் ஆய்வுக்காகப் பேசப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் இதே வேலையாகத் திரிகிறவள் நான். சட்டம் என் வேலைக்குத் தேவையான அளவுதான் தெரியும். மனநலச் சிகிச்சை என் துறை இல்லை.

காட்பாடி, ஆய்வு மாணவி: சம்பவம் நடந்து எவ்வளவு நாள் கழித்துப் போகலாம் மேடம்?

கருமாதி முடிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அந்த வீட்டுக்கு அலைச்சலே ஆரம்பிக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இழப்பீட்டு மனு என்று ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். போகிற இடத்திலெல்லாம் நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் காகிதம் நகரும். அந்த வரிசையில் நீங்களும் போய் நிற்காதீர்கள். நான் ஆறு மாதத்துக்குள் போவதில்லை. முதல் பொங்கல், முதல் தீபாவளி, வருஷத் திதி, வாய்தா நாள், இவற்றை ஒட்டியும் வேண்டாம். மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கம் கணவரை இழந்த முஸ்லிம் பெண் இத்தா என்று துக்கம் காக்கும் 4 மாதம் 10 நாளில் ஆண் ஆய்வாளர் வாசலில் போய் நிற்பது மரியாதை இல்லை.

ஆரணி: ரெக்கார்டர் வைக்கலாமா?

வழக்கு முடிந்துவிட்டதா, நடக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள். நடக்கிறது என்றால் சம்பவத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொன்னதற்குக் கிடையாது. கோர்ட் கேட்டால் பதிவைக் கொடுத்தாக வேண்டும். அந்த அம்மா போலீசிடம் ‘ஆறு மணி’ என்று சொல்லி, உங்களிடம் ‘நல்லா இருட்டின அப்புறம்’ என்று சொல்லியிருந்தால் எதிர்த்தரப்புக்கு அது போதும். முரண்பாடு என்று கூண்டில் நிறுத்திக் கிழிப்பார்கள். மகனைப் பறிகொடுத்தவள் பொய்சாட்சி ஆகிவிடுவாள்.

சம்பவத்துக்கு அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். யார் வந்தார்கள், யார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், கடன் எவ்வளவு ஆயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா. அதை இதுவரை எந்த ஆபீசும் அவர்களிடம் கேட்டிருக்காது.

அணைக்கட்டு: பேசும்போது அழுதுவிட்டால்?

அழட்டும். ரெக்கார்டரை நிறுத்துங்கள். ‘அழாதீங்கம்மா’ என்று சொல்லாதீர்கள்.

வாணியம்பாடி: எனக்கு உருது தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் மொழிபெயர்க்கிறேன் என்கிறான்.

வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரியும், மீதியை நீங்கள் கொடுக்காதீர்கள். வெளியூரிலிருந்து உருது பேசும் பெண் யாரையாவது கூட்டிப் போங்கள்.

குடியாத்தம்: பீடி சுற்றும் அம்மா ஒருவர். நேரம் கொடுப்பதற்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால் காசும் நின்றுவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளே பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்கின்றன.

ராணிப்பேட்டை, சட்ட மாணவர்: கூடவே கூடாது மேடம். ‘காசு வாங்கிக்கொண்டுதானே பேசினாய்?’ என்று குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி போதும்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: தம்பி, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு. அதையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கு பஸ் சார்ஜ், சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் உண்டு, பேசுகிறவளுக்கு மட்டும் நன்றியா? எங்க சித்தி வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ராணிப்பேட்டை: பிஸ்கட்டை கோர்ட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் அக்கா. ரூபாயைக் கேட்பார்கள்.

ஆம்பூர்: அப்போ பட்டினி கிடந்தால்தான் நல்ல சாட்சியா?

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி சொல்கிற ஆபத்து நிஜம். அதற்காக அவள் கூலியில் கை வைக்க முடியாது. தொகையை முன்கூட்டியே, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ரசீதில் ‘பயணம், கூலி இழப்பு’ என்றே இருக்கட்டும். பாதியில் எழுந்து போனாலும் முழுத் தொகை உண்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், சம்பவத்தையே நீங்கள் கேட்காதபோது எதைச் சொல்லக் காசு வாங்கினாள் என்று வக்கீல் கேட்பார்? கடன் எவ்வளவு என்று சொன்னதற்கா?

ராணிப்பேட்டை: வங்கிக் கணக்கில் போட்டால்?

பாஸ்புக் யார் கையில் இருக்கிறதோ! ரொக்கம்தான். போதும், அடுத்தது.

கணியம்பாடி: தற்கொலை நடந்த குடும்பங்களுக்கும் இதே முறைதானா?

அது வேறு. உங்கள் வட்டாரத்திலேயே வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் 1990களில் குடும்பத்தாரிடம் விசாரித்து மரணக் காரணம் அறியும் முறையில் தற்கொலைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் துறையினரிடம் கேளுங்கள்.

திருப்பத்தூர்: இறந்தவரின் தம்பி ‘அவனை விடமாட்டேன்’ என்றார். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே?

முழு ரகசியம் என்று எழுதியதே தப்பு. கொலை நடக்கப்போவது தெரிந்தால் தகவல் சொல்லும் கடமை எல்லோருக்கும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 33. ஆற்றாமையில் சொல்வது ஒன்று, ஆளும் நாளும் குறித்துச் சொல்வது வேறு. எது என்று நீங்களாக முடிவு செய்யாமல் இன்றைக்கே உங்கள் நெறியாளரோடு உட்கார்ந்து ஒரு வக்கீலிடம் பேசுங்கள். இனிமேல் ஒப்புதல் படிவத்தில் இந்த வரம்பை எழுதி, வாயாலும் சொல்லுங்கள்.

போளூர்: எப்படி இறந்தார் என்பதை மென்மையாகக் கேட்பது எப்படி?

ஆரணிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாலாஜா: கொலை நடந்த விதத்தை நேரடியாகக் கேட்கலாமா, சுற்றி வளைத்தா?

நேராகவும் வேண்டாம், சுற்றியும் வேண்டாம். ஆரணி.

பேர்ணாம்பட்டு: அவர்களாகவே சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்தால்?

இது கேள்வி. ‘இதை நான் எழுதிக்கொள்ளவில்லை’ என்று சொல்லி ரெக்கார்டரை நிறுத்துங்கள், பேனாவை மூடுங்கள், முழுசாகக் கேளுங்கள். நடுவில் மறிப்பது கொடுமை. வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதினாலும் அது பதிவுதான், செய்யாதீர்கள்.

செய்யாறு: ஆய்வேட்டில் பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. ஊர், மாதம், கொலை நடந்த விதம் மூன்றும் இருந்தால் பழைய தினசரியைப் புரட்டி யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் வன்கொடுமை என்றால், குடும்பமே சம்மதித்தாலும், செஷன்ஸ் நீதிபதி அனுமதித்தாலொழிய இறந்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாலாஜா: உங்கள் கேள்விப் பட்டியலை அனுப்புவீர்களா மேடம்?

மாட்டேன். உங்களுடையதை அனுப்புங்கள். அதில் எங்கேயாவது சம்பவம் பற்றிய கேள்வி ஒளிந்திருக்கும், அதை மட்டும் அடித்துத் தருகிறேன்.