ஒரே நாளில் வாங்கிய இரண்டு பொருள்கள், இரண்டு வேகங்கள்

கேள்வி: சீன இணையவழிக் கடையொன்றில் ஒரே நாளில் ஒரு கைப்பையும் ஒரு பவர் பேங்கும் வாங்கினேன். கைப்பை இரண்டு வாரங்களுக்குள் வந்துவிட்டது. பவர் பேங்க் இரண்டு மாதங்களாகியும் வரவில்லை. விற்பனையாளரோ "விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது" என்ற ஒரே பதிலையே தருகிறார். நான் ஏமாற்றப்பட்டேனா?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: தாமதத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய வேண்டாம். எனினும் பணத்தைப் பாதுகாக்கும் நடவடிக்கையை இன்றே தொடங்குங்கள்.

தென்சீன நகரங்களிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானம் ஐந்தாறு மணி நேரத்தில் வந்துவிடும். நாட்கள் கரைவது விமானத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பதில்தான். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் உட்பட இங்கே வரும் பல விமான நிறுவனங்கள் பயணிகள் விமானங்களின் அடிப்பகுதியிலேயே சரக்கையும் ஏற்றுகின்றன. அங்கே பயணிகளின் பெட்டிகளுக்கே முதலிடம். அடுத்து கூடுதல் கட்டணம் செலுத்திய அவசரக் கூரியர் பொதிகள். மலிவுக் கட்டணத்தில் அனுப்பப்பட்ட சிறு பொதிகள் மீதமுள்ள இடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். 2020இல் பெருந்தொற்றினால் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்குக் கட்டணம் உலகெங்கும் ஏறியதும் இந்த இடம் இல்லாமற்போனதால்தான். முன்பு ஒரு வணிகர் ஒரே ஆவணத்தில் பெருந்தொகையாக அனுப்பிய சரக்கு, இணைய வணிகம் பெருகியபின் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குரிய சிறு பொதிகளாகச் சிதறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் பொருள் விவரமும் தேவைப்படுகின்றன. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி, 2021 ஜனவரி முதல் பொருள்கள் அடங்கிய தபால் பொதிகளின் விவரத்தை மின்னணு வடிவில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஆகவே, "அன்பளிப்பு" என்று மட்டும் எழுதிய பொதி வழியில் தடைபட இடமுண்டு.

உங்கள் பவர் பேங்கின் நிலை இதனினும் கடினமானது. லித்தியம் அயன் மின்கலம் தீப்பற்றக்கூடியது என்பதால், தனியாகப் பொதி செய்யப்பட்ட அத்தகைய மின்கலங்களைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவதை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்துள்ளது. சரக்கு விமானத்தில் அனுப்பும்போதும் மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது. கைபேசிக்குள் பொருத்தப்பட்ட மின்கலத்துக்கு விதி சற்றுத் தளர்வானது; பவர் பேங்க்கோ தனி மின்கலமாகவே கணக்கிடப்படுகிறது. எனவே அது சரக்கு விமானத்திலோ கப்பலிலோ வர வேண்டியிருக்கும். இதை வாங்குமுன்பே சொல்வது விற்பனையாளரின் கடமை. அதைச் சொல்லாமல் பணம் வாங்கியதைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன்.

"ஒப்படைக்கப்பட்டது" என்பதற்கு விமானம் புறப்பட்டுவிட்டது என்று பொருளில்லை. பொதி அடங்கிய மூட்டை இன்னும் கிடங்கிலேயே இருக்கலாம். கடையின் தளத்தில் பணத்தைத் திரும்பக் கோருவதற்கான இறுதி நாளைப் பாருங்கள்; அந்நாள் கடக்குமுன் முறைப்பாடு செய்யுங்கள். இன்னும் சிறிது நாள் பொறுக்குமாறு விற்பனையாளர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் இந்த நாளைத் தவறவிடாதீர்கள், பொருள் கைக்கு வராமல் "பெற்றுக்கொண்டேன்" என்பதையும் அழுத்தாதீர்கள். விற்பனையாளர் இலங்கையில் இயங்குபவராயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து பணத்தை மீட்க, கடைத் தளமும் உங்கள் வங்கி அட்டையுமே நடைமுறையில் உதவும்.

தோட்டங்களில் வசிக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தனி இலக்கம் இல்லாத இடங்களில் தபால் தோட்ட அலுவலகத்தில் சேர்வது நெடுநாள் வழக்கம். பொதி அங்கே கிடக்க, "விநியோகிக்கப்பட்டது" என்று இணையம் காட்டுவதுண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இணைய வணிகத்தால் இன்னும் வலுப்பெறுகிறது. அதுவரை தோட்டத்தின் பெயர், பிரிவு, தபாலகம், கைபேசி இலக்கம் ஆகிய நான்கையும் முகவரியில் தவறாமல் எழுதுங்கள்.

கேள்வி: ஒன்றரைக் கிலோ எடையுள்ள மெத்தைத் தலையணைக்கு ஏழு கிலோவுக்கு மேல் கூரியர் கட்டணம் கேட்கிறார்கள். இது சரியா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: அது கணக்குத் தவறன்று. விமானத்தில் எடையைப் போலவே இடமும் விலைக்குரியது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி, அவசரக் கூரியர் நிறுவனங்கள் பொதுவாக 5000ஆல் வகுக்கும். விமானச் சரக்கில் வழக்கமான வகுஎண் 6000. நீங்கள் அனுப்பிய 40, 30, 30 என்ற அளவுகளின்படி முதலாவது முறையில் 7.2 கிலோவும் இரண்டாவது முறையில் 6 கிலோவும் வரும். இதனையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் விதிப்பார்கள். காற்றை உறிஞ்சி அகற்றிச் சிறிய பெட்டியில் அடைத்துத் தருமாறு விற்பனையாளரிடம் கேளுங்கள். உயரம் பாதியானால் கட்டணத்துக்குரிய எடையும் 3.6 கிலோவாகக் குறையும்.