கடாரத்திலிருந்து திரும்பும் காற்று

அன்புள்ள ஐயா,

மலேயாக் கரையிலுள்ள கடாரத்தின் மீது ராஜேந்திர சோழன் நடத்திய படையெடுப்பை வைத்து நாவல் எழுதுகிறேன். நாயகன் ஆடி மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறான். போரை முடித்து, ஆவணிக் கடைசியில் தன் திருமணத்துக்குத் திரும்பிவிடுகிறான். இரண்டு அத்தியாயங்களை இணைத்துள்ளேன். கப்பலின் உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும். சோழர் கப்பல்களில் எத்தனை பாய்மரங்கள்? திசைகாட்டி இருந்ததா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாயகனின் தாய் பேசும் பகுதியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு எழுத வருகிறது. கோபம் வருவதும் அதனால்தான்.

பாய்மரங்களின் எண்ணிக்கையா? 1025-இல் நடந்த படையெடுப்பைப் பற்றி, அரசன் புகழைச் சொல்லும் கல்வெட்டுப் பாட்டான மெய்க்கீர்த்தி “அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி” என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. நீங்களும் போகலாம். திசைகாட்டியை விட்டுவிடுங்கள், உங்கள் கதைக்கு அது தேவையே இல்லை.

ஆனால் அந்த ஆவணித் திருமணத்தை என்னால் விட முடியவில்லை. ஆடியில் புறப்பட்டது சரி. தென்மேற்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வர எந்தக் காற்று? ஆவணியிலும் அதே காற்றுதான், இப்போது முகத்தில் அடிக்கும். பாய்க்கப்பல் காற்றுக்கு நேர் எதிராக ஓடாது. வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்த்து ஓட்டித்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முறையும் கப்பல் பக்கவாட்டில் நழுவும். துறைமுக வாயிலில் அப்படிச் செய்யலாம். ஆளும் சரக்கும் ஏற்றிய மரக்கலத்தை வங்கக் கடலின் குறுக்கே 2000 கிலோமீட்டருக்கு மேல் அப்படி ஓட்டிவர எந்தக் கப்பல்காரன் சம்மதிப்பான்? உங்கள் நாயகன் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று எழும் வரை அங்கேயே கிடக்க வேண்டும். மார்கழியில் கிளம்பினாலும் உடனே வந்துவிட முடியாது. வூசிங் என்ற சீனத் துறவி கடாரத்திலிருந்து நாகப்பட்டினம் வர முப்பது நாள் ஆனதாக ஏழாம் நூற்றாண்டிலேயே இன்னொரு சீனத் துறவியான யீஜிங் எழுதிவைத்திருக்கிறார்.

என் பெரியப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். கொழும்பு ஒன்றும் கடாரம் அல்ல, பக்கத்துக் கரைதான். ஆனாலும் அங்கிருந்து அவர் போடும் கடிதங்களில் திரும்பும் தேதி இருந்ததே இல்லை. “காற்று கிடைத்ததும் வருகிறேன்” என்று மட்டும் இருக்கும். பெரியம்மாவும் ஒருநாளும் தேதி கேட்டதில்லை, கேட்பவர்களை முறைப்பாள். தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில் தோணி ஓடாது. அப்போது பெரியப்பா வீட்டில் இருப்பார், எல்லோரையும் அதட்டிக்கொண்டு. காற்றுக்காகக் காத்திருப்பதும் கப்பல் வேலைதான் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். சோழர் கடற்படை என்றதும் மார்பு நிமிர்த்தும் நம் நாவலாசிரியர்களுக்குத்தான் தெரிவதில்லை. அவர்களுடைய கப்பல்கள் வாடகைக் கார் போலக் கூப்பிட்டவுடன் கிளம்புகின்றன.

அந்த நான்கைந்து மாதக் காத்திருப்பை எழுதுங்களேன்! அந்நியத் துறையில் ஒரு பட்டாளம் என்ன தின்றது? கடனுக்கு அரிசி கொடுத்தவன் யார்? பாயைத் தைத்தவன், பலகை இடுக்கில் கயிறு அடைத்தவன், காய்ச்சலில் கிடந்தவன் எல்லோரும் எங்கே? அங்கேயே குடும்பம் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப மறுத்தவன் ஒருவனாவது இருந்திருக்க மாட்டானா? வணிகர்கள் கடல் கடந்து ஊன்றிக்கொண்டதில் இந்தக் கட்டாயத் தங்கலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் நட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் கஸ்தூரி விலைக்கு ஈடாகப் பொன்னில் ஆயம் என்ற வரியைச் செலுத்திவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்கிறது அது. போர் நடந்து அறுபத்து மூன்று ஆண்டுகளில் வசூல் நடத்தும் அளவுக்கு அங்கே அமர்ந்துவிட்டார்கள். உங்கள் இரண்டு அத்தியாயங்களிலும் ஒரு வணிகன்கூட இல்லை. வாள் மட்டும் பதினேழு இடத்தில் மின்னுகிறது.

நீங்கள் கேட்ட சொற்கள்: முன்பக்கம் அணியம். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். திருப்புவது சுக்கான், அது அரபியிலிருந்து வந்தது என்று முகம் சுளித்தால் நாவலை விட்டுவிட்டு அகராதி எழுதப் போங்கள். கப்பல் தலைவனை அந்த பாரூஸ் கல்வெட்டு ‘மரக்கல நாயன்’ என்கிறது. தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்திய அத்தியாயங்களைத் தை பிறந்த பிறகு அனுப்பினால் போதும்.