மொட்டை மாடியில் படுத்தது கோர்ட்டில் உதவாது

கேள்வி: உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் எனக்கு. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2016-ல் திருமணம். 2019 ஏப்ரலில் ஓட்டுப் போடவும் சித்திரைத் திருவிழாவுக்குமாக மூன்று நாள் ஊருக்கு வந்தேன். அப்போதே எங்களுக்குள் பேச்சில்லை, நான் மொட்டை மாடியில்தான் படுத்தேன். 2020 ஜனவரி 10-ல் மகள் பிறந்தாள். போன வருடம் அவள் தலைமுடியைத் தனியார் லேபுக்கு அனுப்பினேன். நான் தகப்பன் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது மனைவி குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்குப் போட்டு, குழந்தைக்கு மாதம் 6,000 இடைக்கால உத்தரவு வாங்கியிருக்கிறாள். ஐந்து மாதமாக நான் கட்டவில்லை. எவனோ பெற்ற பிள்ளைக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மாமனார் பேசியது, மச்சான் மிரட்டியது, காதுகுத்துக்கு நீங்கள் கடன் வாங்கியது எல்லாம் இருக்கிறது. வலி புரிகிறது. ஆனால் வழக்கைத் தீர்மானிக்கப் போவது அதில் ஒரே வரிதான்: "மூன்று நாள் ஊருக்கு வந்தேன்."

திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்ததே, குழந்தை கணவனுடையதுதான் என்பதற்கு முடிவான சான்று. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 112, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தில் 116. இதை உடைக்க ஒரே வழி, கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் நீங்கள் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பது. சேர்ந்தீர்களா என்று சட்டம் கேட்கவில்லை. சேர வாய்ப்பு இருந்ததா என்றுதான் கேட்கிறது. 2019-ல் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, 19 அழகர் ஆற்றில் இறங்கியது. அந்த 19-ஆம் தேதியிலிருந்து உங்கள் மகள் பிறந்த நாள் வரை எண்ணிப் பாருங்கள், 266 நாள் வரும். கரு தங்கியதிலிருந்து பிரசவம் வரை வழக்கமாக ஆகும் கணக்கும் அதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் இதை எண்ணாமல் விடமாட்டார். மாடிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான் இருந்தது என்பார். அந்த மாதங்கள் முழுக்க நீங்கள் மஸ்கட்டில் இருந்து, பாஸ்போர்ட்டில் முத்திரையும் இருந்திருந்தால் நானே உங்கள் வழக்கை எடுத்து நடத்துவேன்.

லேப் ரிப்போர்ட்டை நம்பி வழக்கை இழுக்காதீர்கள். கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் வந்த புனே வழக்கிலும் கணவர் தனியாக எடுத்த ரிப்போர்ட் வைத்திருந்தார். அதன் பிறகும் குழந்தைக்குச் சோதனை கிடையாது என்றார்கள். டி.என்.ஏ. சோதனை முடிவை ஏற்று, கணவர் தகப்பன் இல்லை என்று சொன்ன 2014 நாக்பூர் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு பலர் வருகிறார்கள். அந்த வழக்கில் சோதனையே உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில், இரண்டு முறை நடந்தது. நீங்கள் கூரியரில் அனுப்பிய முடி அதற்கு ஈடாகாது. அந்த இன்னொரு ஆளிடம் வாங்கட்டும் என்பதும் நடக்காது. கணவன் இருக்க, வேறொருவரைத் தகப்பன் என்று சோதனைக்கு இழுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த ஆள் மேல் கிரிமினல் வழக்கும் போட முடியாது, கள்ள உறவைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவு 2018-லேயே ரத்தாகிவிட்டது. மனைவி நடத்தை சரியில்லை என்று நிரூபித்தால்கூட அவருக்கான ஜீவனாம்சம்தான் அடிபடும், குழந்தையுடையது அடிபடாது.

சரி, எனக்கு உண்மையில் பயம் அந்த ஐந்து மாதப் பாக்கியைப் பற்றித்தான். மேலூரிலிருந்து வழக்குக்காக என்னிடம் வந்த ஒருவர் உங்களைப் போலவே "டெஸ்ட் வரட்டும், அப்புறம் கட்டுகிறேன்" என்று உட்கார்ந்தார். டெஸ்ட் மனு ஒவ்வொரு வாய்தாவாக நகர்ந்தது, பாக்கி மாதாமாதம் ஏறியது. கடைசியில் மனு தள்ளுபடி. வாரண்ட்டோடு போலீஸ் வந்தபோது அவர் தங்கச்சி மகள் சடங்கு வீட்டில் மொய் நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடக்கூட நேரமில்லை. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் கழிந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கழியாது. வெளியே வந்ததும் அதே தொகை அப்படியே நின்றது, பைக்கை விற்றுக் கட்டினார்.

இன்னொரு குழி, ஊர்ப் பஞ்சாயத்து. பெரியவர்கள் உட்கார்ந்து, ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று மனைவியிடம் கையெழுத்து வாங்கி, ரெண்டு லட்சத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். குழந்தையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுக்க முடியாது. பணமும் போய், வழக்கும் திரும்ப வரும்.

உங்களுக்கு என் யோசனை சமரசம். தோல்வி மாதிரி தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து, குழந்தை பேரில் 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகை, எல்லாம் கோர்ட் பதிவில் ஏற வேண்டும். பிறகு எப்போதாவது குழந்தை சார்பில் கேட்டு வந்தாலும் காட்டுவதற்குக் கையில் கணக்கு இருக்கும். 6,000 அதிகம் என்றால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்குச் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரத்தில் பீஸ் ரேட் கூலி, ஓவர்டைம் எதையும் மறைக்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் வெளியே வந்தால் உங்கள் மற்ற பேச்சையும் நீதிபதி நம்பமாட்டார்.

அந்த ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் இன்றே அழியுங்கள். அது மனைவிக்குக் கொடுமை என்று உங்களுக்கு எதிராகவே திரும்பும். அதைவிட, உங்கள் இனிஷியலோடு பள்ளிக்கூடம் போகும் அந்தப் பிள்ளை நாளைக்கு அதைப் படிக்கும். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

30,000 பாக்கியில் முடிந்த அளவை அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கட்டுங்கள், மீதிக்குத் தவணை கேட்டு மனுப் போடுங்கள். மச்சான் கையில் கொடுக்காதீர்கள். மனைவியின் வங்கிக் கணக்கில் போட்டு, சலானை வக்கீலிடம் கொடுங்கள்.