நல்ல கண்ணும் மங்குகிறது

கேள்வி: ஏழு கிழமைக்கு முன் உழவு மெசின் கலப்பையைச் சுத்தியலால் தட்டும்போது இரும்புத் துண்டொன்று தெறித்து என் கணவரின் வலது கண்ணைக் கிழித்துவிட்டது. ஒப்பரேசன் செய்து தைத்தார்கள். அதில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஒரு கிழமையாக இடது கண்ணும் மங்குது என்கிறார். குருமண்வெளிப் பாதையில் வரும்போது வாவித் தண்ணீர் மினுங்குவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போனைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் பார்க்கிறார். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற களைப்பு என்று இருக்கிறோம். மாமி முலைப்பால் விடச் சொல்கிறார். அடுத்த கிளினிக் வரும் மாதம். அதுவரை பொறுக்கலாமா?
— ஒரு சகோதரி, மண்டூர்

பதில்: பொறுக்கக் கூடாது தங்கச்சி. கடிதம் கிடைத்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் அந்தக் கண் கெடுவதில்லை. என்னைத் திடுக்கிட வைத்தது நீங்கள் எழுதிய அந்த போன்தான். ஒரு கண் காயப்பட்ட பிறகு மற்றக் கண்ணையும் தாக்குகிற ஒரு நோய் இருக்கிறது. கிட்டப் பார்வை தடுமாறுவதும் வெளிச்சம் கூசுவதும் அதன் முதல் அடையாளங்கள்.

கண்ணுக்குள் இருக்கிற சில பொருட்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சாதாரணமாகக் காண்பதே இல்லை. கண் கிழிபட்டால் அவை வெளியே வந்துவிடும். உடம்பு அவற்றை அந்நியம் என்று எண்ணித் தாக்கத் தொடங்கும். அதே பொருட்கள் மற்றக் கண்ணிலும் இருப்பதால் அடி அங்கேயும் விழுகிறது. சிம்பதெட்டிக் ஒப்தால்மியா என்பார்கள். மிக அரிது. கண் ஒப்பரேசனுக்குப் பிறகும் எப்போதாவது வரும். பெரும்பாலும் காயப்பட்டு இரண்டு கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில்தான் தொடங்கும். பல வருடம் கழித்து வந்ததும் உண்டு.

பார்வையற்றோருக்கான எழுத்தைத் தந்த லூயி பிரெயில், 1812இல், மூன்று வயதில், அப்பாவின் சேணம் தைக்கும் பட்டறையில் ஒரு கண்ணில்தான் குத்திக்கொண்டார். ஐந்து வயதில் இரண்டு கண்ணும் போயிற்று. இதே நோய் என்றே கருதுகிறார்கள். அன்று மருந்து இல்லை.

இன்று அந்தத் தாக்குதலை அடக்குகிற ஸ்டீரொயிட் மருந்து இருக்கிறது. நேரத்தோடு தொடங்கினால் பலருக்குப் பார்வை மிஞ்சும். ஆனால் மாதக்கணக்கில், சில வேளை வருடத்துக்கு மேலும் குடிக்கவேண்டும். என்னிடம் வந்த ஒரு மேசன், முகம் ஊதுது என்று தானே மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று கிழமையில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அப்படிச் செய்ய விடாதீர்கள்.

காயப்பட்ட கண்ணை எடுத்துவிடுவார்களா என்று போனில் அழுதீர்கள். நோய் தொடங்கிய பிறகு எடுப்பதால் பலன் நிச்சயமில்லை. சிலருக்குக் கடைசியில் காயப்பட்ட அந்தக் கண்ணில்தான் மற்றதைவிடப் பார்வை கூடுதலாக இருந்திருக்கிறது.

முலைப்பால் வேண்டாம் என்று மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தைத்த கண்ணில் கிருமி போனால் அது வேறு ஆபத்து.

இப்படி ஆனவர்கள் யாராயிருந்தாலும் கிளினிக் திகதியைப் பார்க்காதீர்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் டொக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "காயப்பட்டது ஒரு கண், இப்போது மங்குவது மற்றக் கண்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.