தோட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஆட்டோ விபத்தில் தலையில் அடிபட்ட என் கணவருக்கு இப்போது ஏழு மாதம். நடக்கிறார். ஆனால் நிற்கும்போது முழுப் பாரத்தையும் வலது காலில் போட்டுச் சாய்கிறார். கண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் தட்டின் மேல் நிற்கவைத்து, திரையில் புள்ளி காட்டிப் பயிற்சி தருகிறார்களாம். தோட்டை அடகு வைத்தாவது போகவா?
- வாசகி, ஹட்டன்

பதில்: தோடு காதிலேயே இருக்கட்டும், சகோதரி.

அந்தப் பயிற்சிக்கு பயோஃபீட்பேக் என்று பெயர். ஏமாற்று வேலை இல்லை. எந்தப் பாதத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தட்டு அளக்கும், அதற்கேற்பப் புள்ளி நகரும். "நேராகத்தானே நிற்கிறேன்" என்று உங்கள் கணவர் சொன்னால் அது பொய்யல்ல, அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. உடம்பு சொல்லாததைக் கண்ணுக்குக் காட்டுகிறது கருவி, அவ்வளவுதான். பக்கவாத நோயாளிகளிடம் நடந்த சோதனைகளை அலசிய 2004ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வு, இரு காலிலும் சமமாக நிற்பது மேம்படுகிறது என்றது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதில் கூடுதல் பலன் தெரியவில்லை என்றும் சொன்னது. இதற்கா கடன்படுவது?

எடை பார்க்கும் தராசு ஒரே ரகத்தில் இரண்டு தேடுங்கள். முள் தராசாக இருக்கட்டும். டிஜிட்டல் தராசு பெரும்பாலும் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். வாட்டமில்லாத தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாதத்துக்கு ஒன்றாக ஏற்றுங்கள். முன்னால் கனமான மேசை, இடப்பக்கம் நீங்கள். 60 கிலோ ஆளுக்கு வலதில் 42, இடதில் 18 என்று முள் நின்றால் அவரே திடுக்கிடுவார். முள்ளைப் பார்த்தபடி மெல்ல இடப்பக்கம் பாரத்தை மாற்றட்டும்.

அப்புறம் முள்ளை ஒரு துணியால் மூடுங்கள். "இப்போ சரி" என்று அவர் சொன்ன பிறகு திறந்து பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் படியில் திரையும் இல்லை, தராசும் இல்லை. அடுத்த கட்டமாக, தரையில் நின்றபடி தேத்தண்ணிக் கோப்பையை எட்டி எடுப்பது, இஸ்தோப்பு (திண்ணை) படியில் ஒரு காலை ஏற்றி இறக்குவது என்று போகலாம்.

ஒன்று கேட்கிறேன்: படுக்கையில் புரளும்போது தலை சுற்றுகிறதா? அப்படியென்றால் உள்காதில் இருக்கும் நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையடிக்குப் பிறகு இது வருவதுண்டு. தலையை முறையாகத் திருப்பியே வைத்தியர் சரிசெய்துவிடுவார், தராசுப் பயிற்சி அதற்கு உதவாது. புதிதாகக் கடும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தராசில் ஏற்றுமுன் கிளினிக் கொப்பியோடு அரசாங்க ஆஸ்பத்திரி இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கண்டிப் பக்கம்தான் போக வேண்டுமென்றால் திகனயில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலையே இருக்கிறது. வைத்தியரிடம் அதற்குக் கடிதம் கேளுங்கள்.