முன்தோலை நீக்கியே ஆக வேண்டுமா?

கேள்வி: என் வயது 46. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு மாதங்களுக்கு முன்பு டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆணுறுப்பின் முன்தோலில் அரிப்பும் வெடிப்பும் வந்து, முன்பெல்லாம் எளிதாகப் பின்னுக்கு வந்த தோல் இப்போது பாதிக்கு மேல் வர மறுக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் போட்டால் நாலு நாள் அடங்கி மறுபடி வருகிறது. ஒரு மருத்துவர், உடனே லேசர் மூலம் முன்தோலை நீக்காவிட்டால் புற்றுநோய் வரும் என்கிறார். எங்கள் குடும்பத்தில் சுன்னத் செய்யும் வழக்கம் இல்லை. மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. இந்த அறுவை சிகிச்சை எனக்கு அவசியம்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உடனே செய்தாக வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால், தேவையே இல்லை என்றும் நேரில் பார்க்காமல் சொல்லிவிட முடியாது. முன்பு எளிதாக வந்த தோல் இப்போது இறுகியிருக்கிறது என்றால், கிருமித் தொற்றால் தோல் வீங்கியிருக்கலாம். அல்லது தோல் தழும்பேறித் தன் நெகிழ்வையே இழந்திருக்கலாம். வீக்கம் மருந்தில் வடியும். முற்றிய தழும்பு பெரும்பாலும் மருந்துக்கு மசியாது. உங்களுக்கு இருப்பது இவற்றில் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் அந்த மாத்திரையைப் பார்ப்போம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 70 கிராம் சர்க்கரை இப்படி வெளியேறும். சிறுநீர் கழித்த பின் முன்தோலுக்கு உள்ளே தங்கும் இரண்டு சொட்டு ஈரமே பூஞ்சைக்குப் போதுமான தீனியாகிவிடுகிறது. தோலின் விளிம்பைச் சுற்றிலும் பிளேடு நுனி பட்டதைப் போல மெல்லிய வெடிப்புகள், சிறுநீர் பட்டால் சுரீரென்ற எரிச்சல், உட்புறத்தில் தயிர்த் திப்பி போன்ற வெண்படலம் ஆகியவை இருந்தால் பூஞ்சைத் தொற்று என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது என்பதற்காகவும் அதை எழுதியிருக்கக்கூடும். கூச்சப்படாமல் உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரிடம் இந்தத் தொந்தரவைச் சொல்லுங்கள். தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மருந்துக் கடைக் களிம்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படர்தாமரைக்கும் அரிப்புக்கும் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கப்படும் குழாய்களில் பல, வீரியமான ஸ்டீராய்டையும் பூஞ்சைக் கொல்லியையும் ஆன்டிபயாடிக்கையும் ஒன்றாகக் கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடுவதால் குணமானதாகத் தோன்றும். முழுதாக ஒழியாத பூஞ்சை சில நாளில் மீண்டும் தலைதூக்கும். அந்தக் களிம்பைத் தூக்கிப் போடுங்கள். மருத்துவர் உறுதி செய்தால், குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பை இரு வேளையும் இரண்டு வாரம் வரை போடலாம். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். சோப்பும் டெட்டாலும் அந்த இடத்துக்கு ஆகாது. தொற்று முற்றிலும் அடங்கிய பிறகும் இறுக்கம் மிஞ்சினால், மருத்துவரின் கண்காணிப்பில் பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதக் களிம்பை நான்கு முதல் எட்டு வாரம் இறுகிய வளையத்தில் தடவி, வலிக்காத அளவுக்கு மெல்ல இழுத்துப் பழக்கலாம். சிறுவர்களில் பெரும்பாலோருக்குப் பலன் தரும் இம்முறை, பெரியவர்களுக்கு அந்த அளவுக்கு உறுதியானதில்லை. இருந்தாலும் தழும்பு முற்றாதவர்கள் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

இனி, அறுவை சிகிச்சை எப்போது தேவைப்படுகிறது என்று பார்ப்போம். நல்ல வெளிச்சத்தில் தோலின் நுனியைப் பாருங்கள். சிவந்து உப்பியிருந்தால் வேறு. வெளுத்து, தடித்து, விரலால் தொட்டால் நெகிழாத வளையம் போலிருந்தால் வேறு. பின்னது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கும் வீரியமான ஸ்டீராய்டுக் களிம்பைத்தான் முதலில் தருவார்கள் என்றாலும், தழும்பு முற்றிவிட்டால் முன்தோலை நீக்குவதே சிகிச்சை. தள்ளிப் போட்டால் நோய் சிறுநீர்த் துவாரத்தையும் உட்குழாயையும் சுருக்கிவிடக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் பலூன் போல உப்பி, தாரை மெலிந்தாலோ, உறவின்போது ஒவ்வொரு முறையும் தோல் கிழிந்தாலோ அறுவை சிகிச்சை நியாயமானதே. தழும்பில்லாத இறுக்கமாக இருந்தால், தோலை நீக்காமல் அகலப்படுத்தி மட்டும் தைக்கும் முறையும் உண்டு. அதைப் பற்றியும் கேளுங்கள்.

புற்றுநோய் என்று சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட முன்தோல் இறுக்கமும் லைக்கன் ஸ்கிளிரோசஸும் ஆணுறுப்புப் புற்றுநோயின் அபாயத்தை ஓரளவு கூட்டுகின்றன. ஆனால் அது அரிதான நோய். ஏழு மாத அரிப்பைக் காட்டி அவசரப்படுத்த அது காரணமாகாது. ஆறாத புண், கெட்டியான கட்டி, இரத்தக் கசிவு இருந்தால் மட்டும் தாமதிக்காமல் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அறுவை சிகிச்சைதான் வழி என்று முடிவானால், அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்தே முடித்துவிடலாம். அரை மணி, முக்கால் மணி நேர வேலை. தையல் தானாகக் கரையும். நான்கிலிருந்து ஆறு வாரம் உறவு கூடாது. லேசர் என்பது வெட்டுவதற்கான ஒரு கருவி, அவ்வளவுதான். எது கொண்டு வெட்டுவது என்பதைவிட, அதற்குமுன் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது என்பதே புண் ஆறுவதைத் தீர்மானிக்கும். நீக்கிய தோலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுன்னத் இஸ்லாமியக் குடும்பங்களில் மார்க்கக் கடமையாகச் செய்யப்படுகிறது. நோய்க்காகச் செய்வது எல்லா மதத்தவருக்கும் அரசு மருத்துவமனைகளில் நடக்கும் சாதாரண சிகிச்சை. ஊராருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஏழு மாதமாக நீங்கள் ஏன் விலகியிருக்கிறீர்கள் என்று அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பாரோ! அவருக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால், அவரும் சேர்ந்து மருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்காதீர்கள். இழுத்த தோல் முன்னுக்கு வராமல் மொட்டுக்குப் பின்னால் சிக்கி வீங்கினாலோ, காய்ச்சலோடு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் கடும் வலியும் வீக்கமும் கண்டாலோ, நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.