கொசு பிடிக்கும் ஆய்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மகள் எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்து நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். புதுச்சேரியில் ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி. சேர நினைக்கிறாள். யானைக்கால் நோய் பற்றிய அவருடைய திட்டத்தில், ஊர் ஊராகப் போய்க் கொசு பிடித்துச் சோதிக்கும் வேலையாம். "வாத்தியார் பேர் வாங்க நம்ம பிள்ளை கொசு பிடிக்கணுமா?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அடுத்தவர் கேள்விக்கு உழைப்பது ஆராய்ச்சியாகுமா?

கே.

அன்புள்ள கே.,

கொசு பிடிப்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் மட்டமாகப் பேசப்படுவது அதுதானே.

கொசுக்கடி வழியாக உடம்பில் புகும் ஒரு நுண்ணிய புழுதான் யானைக்காலுக்குக் காரணம். டிஇசி, ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகளை ஊர் முழுக்கக் கொடுத்து நோயைக் குறைக்கிறார்கள். சரி, நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. புழு உடம்பில் புகுந்து பல வருடம் கழித்துத்தான் வீக்கம் தெரியும். ரத்தத்தைப் பார்க்கலாம், ஆனால் அதன் குஞ்சுப் புழுக்கள் நம் பக்கத்தில் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் தென்படும். தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தினால் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்?

அதனால் கொசுவைப் பிடிக்கிறார்கள். சாக்கடையில் பெருகி இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வீடு வீடாக ரத்தம் குடிக்கிறது. வைக்கோல் ஊறி நாற்றமெடுத்த தண்ணீரைப் பொறியில் வைத்தால், முட்டையிட இடம் தேடும் பெண் கொசுக்கள் வரும். அவை ஏற்கெனவே ரத்தம் குடித்தவை என்பதால்தான் இந்தப் பொறி. இருபது, இருபத்தைந்து கொசுக்களை ஒன்றாக அரைத்து, புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆரில் பார்ப்பார்கள். இருந்தால், அந்தத் தெருப் பக்கம் யாரோ ஒருவர் ரத்தத்தில் புழு இன்னும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா, தொடரலாமா என்ற முடிவுக்கு இந்தக் கணக்கும் துணை.

புதுச்சேரிக்கு இது புதிதும் இல்லை. அங்கே 1975இல் தொடங்கிய வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் என்ற, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கான ஆய்வு மையம், 1981 முதல் 1985 வரை நகரத்தில் கொசு பெருகும் இடங்களைக் குறைத்து யானைக்காலைக் கட்டுப்படுத்த முனைந்தது. அப்போதும் யாரோ தினமும் சாக்கடை ஓரம் குனிந்து கொசுவின் புழுக்களை எண்ணித்தான் பலன் தெரிந்தது.

இனி உங்கள் கேள்வி. பெரிய கேள்வி பேராசிரியருடையதாகத்தான் இருக்கும். நிதி கேட்டு எழுதியவர் அவர். ஆனால் எந்தத் தெருவில் பொறி நிறைகிறது, மூடிய சாக்கடை உள்ள தெருவிலும் ஏன் குறையவில்லை என்பதை முதலில் பார்ப்பது மகள்தான். அவளுடைய சொந்தக் கேள்வி அங்கேதான் பிறக்கும். களத்துக்குப் போகும் முன்பே கையில் கேள்வியோடு வா என்று இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறவர்களுக்கும் வெள்ளாற்றுச் சேற்றில் இறங்கிய பிறகுதான் கேள்வி வருகிறது.

ஆனாலும் சொந்தக்காரர்கள் பயத்தை ஒதுக்க மாட்டேன். மாணவரை வேலையாளாக மட்டும் வைத்துக்கொள்ளும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் படும் பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதனால் சேரும் முன்பே மகள் கேட்கட்டும்: திட்டத்தில் எனக்கென்று தனிப் பகுதி எது, அதில் வரும் கட்டுரைக்கு முதல் பெயர் யாருடையது? 2022 யுஜிசி விதிகளின்படி ஆய்வேடு கொடுக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே கேட்காமல் விட்டால் யாரும் தானாக நினைவுபடுத்த மாட்டார்கள்.

ஜேஆர்எஃப் கையில் இருப்பது பெரிய பலம். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அந்தப் பணம் பேராசிரியரின் திட்டத்திலிருந்து வருவதில்லை. திட்டம் முடிந்தாலும் உதவித்தொகை நிற்காது. மகள் தயங்காமல் பேசலாம்.

அப்புறம், அவரிடம் ஏற்கெனவே முடித்தவர்கள் இரண்டு பேரையாவது தனியாகப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஆயிற்று, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் வேறு வழிகாட்டியைத் தேடட்டும். மனம் திறந்து பேசினால் தைரியமாக அனுப்புங்கள்.